மர்ஹூம் அஷ்ரப்: ஜனாதிபதியின் கையொப்பமும் கரையோர மக்களின் உரிமையும்

ஆண்டுதோறும் செப்டெம்பர் 16ஆம் திகதி வரும்போது அம்பாறைக் கரையோரத்தில் கல்முனை முதல் பொத்துவில் வரையான முஸ்லிம் ஊர்கள் ஒரு மனிதரை நினைவுகூருகின்றன. பள்ளிவாசல்களில் குர்ஆன் ஓதப்பட்டு துஆப் பிரார்த்தனைகள் இடம்பெறுகின்றன. மேடைகளில் உரைகள் நிகழ்த்தப்படுகின்றன. மறுநாள் அனைத்தும் வழமைக்குத் திரும்பி விடுகின்றன. 2000ஆம் ஆண்டில் ஹெலிகொப்டர் விபத்தில் மறைந்த எம்.எச்.எம்.அஷ்ரப் அவர்களை நினைவுகூருவதில் நாம் குறை வைக்கவில்லை. ஆனால் அவரது வாழ்க்கையிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டியதைக் கற்றுக்கொண்டோமா என்று கேட்டால், தயங்காமல் ஆம் என்று கூற முடியாத நிலையிலேயே நாம் இருக்கின்றோம்.

அவரைக் கவிஞராக, சட்டத்தரணியாக, மேடைப் பேச்சாளராக, கட்சித் தலைவராகப் பலர் எழுதிவிட்டனர். இக்கட்டுரையில் வேறொரு கோணத்தில் அவரை நோக்க விழைகின்றோம். 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு இந்நாட்டில் ஒரு பேனாவுக்கு அளவிறந்த வலிமையை வழங்கியது. அமைச்சர்களை நியமிப்பதும் நீக்குவதும், பாராளுமன்றத்தைக் கலைப்பதும், அவசரகால நிலையைப் பிரகடனப்படுத்துவதும், ஆளுநர்களை அமர்த்துவதும், விசாரணை ஆணைக்குழுக்களை நிறுவுவதும் அந்தப் பேனாவின் அதிகாரத்துக்குள் அடங்கின. அது நிறைவேற்று அதிகாரம் கொண்ட ஜனாதிபதியின் பேனா. அஷ்ரப் அவர்களின் அரசியல் வாழ்வு தொடக்கம் முதல் இறுதி வரை அந்தப் பேனாவின் நிழலிலேயே நடந்தது. அவர் அதனால் பாதிக்கப்பட்டார், அதனோடு பேரம் பேசினார், அதனால் பதவி பெற்றார். அவரது மரணம் பற்றிய விசாரணையும் அதே பேனாவினாலேயே தொடங்கப்பட்டது.

1948 ஒக்டோபர் 23ஆம் திகதி சம்மாந்துறையில் பிறந்த அஷ்ரப், கல்முனையில் வளர்ந்தார். கல்முனை உவெஸ்லி உயர்தரப் பாடசாலையில் கற்று, பின்னர் கொழும்பு சட்டக் கல்லூரியில் பயின்று சட்டத்தரணியானார். அரசியலில் இறங்கிய பின்னரும் கற்பதை நிறுத்தாது, சட்டத்தில் முதுமாணிப் பட்டமும் பெற்றார். ஜனாதிபதி சட்டத்தரணி என்ற தகைமையும் பின்னாளில் அவருக்குக் கிடைத்தது. அந்தத் தகைமையும் ஜனாதிபதியின் நியமனத்தினாலேயே வருவதாகும்.

அவர் வளர்ந்த கரையோரத்தின் இயல்பைச் சற்று நினைவுபடுத்திக் கொள்வது பொருத்தமாகும். 1961ஆம் ஆண்டு மட்டக்களப்பிலிருந்து பிரித்து அம்பாறை மாவட்டம் உருவாக்கப்பட்டது. மேற்கே குடியேற்றத் திட்டங்களும் கரும்புத் தோட்டங்களும், கிழக்கே கடலை ஒட்டிய மணற்பாங்கான நிலத்தில் நெருக்கமாக அமைந்த தமிழ், முஸ்லிம் ஊர்களும் அதில் அடங்கின. மருதமுனைக்கு அருகில் பாண்டிருப்பு, சாய்ந்தமருதுக்கும் நிந்தவூருக்கும் நடுவே காரைதீவு என்று வேலிக்கு வேலி தொட்டுக் கிடக்கும் ஊர்கள் அவை. வயலில் நீர் பாய்ச்சுவதற்கும், கடலில் வலை வீசுவதற்கும், சந்தையில் விற்பதற்கும் வாங்குவதற்கும் ஒருவரையொருவர் நம்பி வாழ்ந்த மக்கள். இரு சமூகங்களினதும் தாய்மொழி தமிழ். மாவட்டத்தின் நிர்வாகத் தலைமையகமோ அவர்களிடமிருந்து தொலைவில், பெரும்பாலும் அவர்களுக்கு விளங்காத மொழியில் இயங்கிக் கொண்டிருந்தது.

இந்தச் சூழலில் இளம் சட்டத்தரணி அஷ்ரப், தமிழ் பேசும் மக்கள் யாவரும் ஒரே அணியில் நிற்க வேண்டும் என்ற நம்பிக்கையோடு அரசியலுக்கு வந்தார் என்பதை இன்றைய தலைமுறையினரில் பலர் அறியமாட்டார்கள். 1977ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் முஸ்லிம் ஐக்கிய விடுதலை முன்னணியின் சார்பில் தமிழர் விடுதலைக் கூட்டணியோடு கைகோர்த்து, அதன் மேடைகளில் அவர் முழங்கினார். அமிர்தலிங்கம் அவர்களைத் தமது மூத்த சகோதரராகக் கருதி, அண்ணன் கைவிட்டாலும் தம்பி கைவிடமாட்டேன் என்ற பொருள்பட அவர் பேசியதை அக்காலத்தவர்கள் இன்றும் நினைவில் வைத்திருக்கின்றனர். ஆனால் அத்தேர்தலில் கூட்டணி 18 ஆசனங்களை வென்றபோதிலும் அவற்றுள் ஒன்றிலேனும் முஸ்லிம் ஒருவர் தெரிவாகவில்லை. கரையோர முஸ்லிம் வாக்காளர் ஐக்கிய தேசியக் கட்சியின் பக்கமே சாய்ந்தனர். கல்முனையில் ஏ.ஆர்.மன்சூர் வெற்றி பெற்றார்.

அந்தத் தேர்தலில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேற்பட்ட பெரும்பான்மையைப் பெற்ற ஜே.ஆர்.ஜயவர்தன 1978 பெப்ரவரி 4ஆம் திகதி நிறைவேற்று ஜனாதிபதியாகப் பதவியேற்றார். அதே ஆண்டு செப்டெம்பரில் புதிய அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது. தொகுதிவாரித் தேர்தல் முறை நீங்கி, மாவட்ட அடிப்படையிலான விகிதாசாரப் பிரதிநிதித்துவம் வந்தது. மாவட்டமொன்றில் எட்டில் ஒரு பங்கு வாக்கைப் பெறாத கட்சிக்கு அங்கு ஆசனமில்லை என்ற விதியும் உடன் வந்தது. நூற்றுக்கு 12.5 என்ற இந்த வெட்டுப்புள்ளியின் தாக்கத்தை அன்று பலர் உணரவில்லை. அம்பாறை தவிர்ந்த மாவட்டங்களில் சிதறிக் கிடக்கும் ஒரு சமூகம், தனித்து நின்று குரல் எழுப்புவதை அது ஏறத்தாழ இயலாததாக்கியது. சட்டம் படித்த அஷ்ரப் அதனை உணர்ந்தார். அந்த உணர்வின் பயன் பத்தாண்டுகளின் பின்னரே கைகூடியது.

1981 செப்டெம்பரில் காத்தான்குடியில் ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸ் ஒரு பிராந்திய இயக்கமாகத் தோற்றம் பெற்றது. 1983 ஜூலையின் பின்னர் நாடு எரிந்தது. 1985 ஏப்ரலில் கரையோரத்தில் தமிழ், முஸ்லிம் மக்களிடையே மோதல்கள் மூண்டன. நெடுங்காலம் அடுத்தடுத்து வாழ்ந்த ஊர்களின் எல்லைகள் போர்முனைகளாயின. ஒன்றுபட்ட தமிழ் பேசும் அணி என்ற கனவோடு அரசியலைத் தொடங்கிய மனிதர், அச்சுறுத்தல் காரணமாகத் தமது கல்முனையை விட்டே கொழும்புக்கு இடம்பெயர நேர்ந்தது. கசப்பான இந்த அனுபவத்தின் பின்னர்தான், 1986 நவம்பரில் முஸ்லிம் காங்கிரஸை நாடளாவிய அரசியல் கட்சியாக மாற்றியமைக்கும் தீர்மானம் எடுக்கப்பட்டது. 1988இல் அது அங்கீகரிக்கப்பட்ட கட்சியாகி, மரச் சின்னத்தைப் பெற்றது.

இவ்விடத்தில்தான் ஜனாதிபதியின் பேனா கரையோர மக்களின் வாழ்வில் நேரடியாக நுழைகின்றது. 1987 ஜூலை 29ஆம் திகதி ஜனாதிபதி ஜயவர்தனவும் இந்தியப் பிரதமர் ராஜீவ் காந்தியும் கொழும்பில் ஒப்பந்தமொன்றில் கையொப்பமிட்டனர். வடக்கு, கிழக்கு மாகாணங்கள் தற்காலிகமாக ஒரே நிர்வாக அலகாக இணைக்கப்படும் என்றும், கிழக்கு மக்கள் பின்னர் சர்வசன வாக்கெடுப்பின் மூலம் அதனை ஏற்கவோ மறுக்கவோ முடியும் என்றும் அதில் கூறப்பட்டது. கிழக்கின் சனத்தொகையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினராக இருந்த முஸ்லிம்கள், இணைந்த மாகாணத்தில் ஆறில் ஒரு பங்கினராகச் சுருங்குவர் என்பது எளிய கணக்கு. அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவேனும் அவர்களின் பிரதிநிதிகள் எவரும் அம்மேசைக்கு அழைக்கப்படவில்லை. அஷ்ரப் அவர்களின் பிரதான குற்றச்சாட்டு அதுவாகவே இருந்தது. தமிழ் மக்களின் அபிலாஷைகளை அவர் மறுக்கவில்லை. தமது சமூகத்தைக் கேளாமல் தமது சமூகத்தின் தலைவிதி எழுதப்பட்டதையே அவர் மறுத்தார்.

ஒப்பந்தத்தின் தொடர்ச்சியாக 13ஆவது திருத்தமும் 1987ஆம் ஆண்டின் 42ஆம் இலக்க மாகாண சபைகள் சட்டமும் நிறைவேறின. இரு மாகாணங்களை இணைக்கும் பிரகடனத்தை ஜனாதிபதி வெளியிடலாம் என்று அச்சட்டத்தின் 37ஆம் பிரிவு கூறியது. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை இருந்தது. ஆயுதக் குழுக்கள் ஆயுதங்களைக் கையளித்து, மோதல்கள் முடிவுற்றுள்ளன என ஜனாதிபதி திருப்தியடைந்திருக்க வேண்டும். 1988இல் அந்நிலை இருக்கவில்லை. இந்திய அமைதி காக்கும் படைக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே போர் நடந்து கொண்டிருந்தது. எனவே பொதுப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழான அவசரகால ஒழுங்குவிதிகளைக் கொண்டு, பாராளுமன்றம் இயற்றிய அந்நிபந்தனையை ஜனாதிபதி தளர்த்தினார். அதன்பின் 1988 செப்டெம்பரில் இணைப்புப் பிரகடனம் வெளியாயிற்று. தேசிய பாதுகாப்புக்கென வழங்கப்பட்ட அதிகாரம், மாகாண எல்லையை மாற்றும் கருவியாகப் பயன்படுத்தப்பட்டது.

அஷ்ரப் அவர்கள் இப்பிரகடனத்தை எவ்வாறு எதிர்கொண்டார் என்பது கவனிக்கத்தக்கது. அவர் வீட்டில் முடங்கவில்லை. பகிஷ்கரிப்பும் செய்யவில்லை. 1988 நவம்பரில் கிழக்கில் நடந்த மாகாண சபைத் தேர்தலில், உயிரச்சுறுத்தல்களுக்கு நடுவே தமது கட்சியை நிறுத்தினார். 71 ஆசனங்கள் கொண்ட வடக்கு-கிழக்கு மாகாண சபையில் முஸ்லிம் காங்கிரஸ் 17 ஆசனங்களைப் பெற்று எதிர்க்கட்சியாக அமர்ந்தது. ஒப்பந்த மேசையில் மறுக்கப்பட்ட இருக்கை, வாக்குப் பெட்டியின் வழியாகப் பெறப்பட்டது. முதலமைச்சர் வரதராஜப்பெருமாளின் நிர்வாகம் 1990இல் முடிவுக்கு வந்து, சபையும் கலைக்கப்பட்டது. அதன் பின்னர் இணைந்த மாகாணம் ஜனாதிபதியால் நியமிக்கப்பட்ட ஆளுநர்களின் கையில் ஆண்டுக்கணக்காக இருந்தது. ஒப்பந்தம் உறுதியளித்த சர்வசன வாக்கெடுப்போ ஒவ்வொரு முறையும் ஜனாதிபதியின் கட்டளையால் ஒத்திவைக்கப்பட்டு வந்தது. தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் சிங்களவருக்கும் ஒருங்கே வாக்குறுதியளிக்கப்பட்ட அந்த வாக்கெடுப்பு ஒருபோதும் நடைபெறவில்லை.

1988ஆம் ஆண்டின் இறுதியில் ஜனாதிபதித் தேர்தல் வந்தது. வேட்பாளரான பிரதமர் ரணசிங்க பிரேமதாச முஸ்லிம் காங்கிரஸின் ஆதரவை நாடினார். கடும் போட்டிமிக்க ஒரு தேர்தலில், ஆதரவுக்குக் கைம்மாறாகத் தலைவர்கள் கேட்கக்கூடியவை எவை என்பது எமது வாசகர்களுக்குத் தெரியும். அமைச்சுப் பதவி கேட்கலாம், தூதுவர் பதவி கேட்கலாம், கூட்டுத்தாபனத் தலைமை கேட்கலாம். அஷ்ரப் இவை எதனையும் கேட்காது, வெட்டுப்புள்ளியை 12.5 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்குமாறு கேட்டார். தேர்தலுக்கு முன்னரேயே அது நடந்தாக வேண்டும் என்றும் வலியுறுத்தினார். 1988 டிசம்பரில், வாக்களிப்புக்குச் சில நாட்களுக்கு முன்னர், 15ஆவது திருத்தம் சட்டமாயிற்று.

அவரது வாழ்வின் மிகப் பெரிய அரசியல் வெற்றி இதுவே என நாம் கருதுகின்றோம். ஏனெனில் அவர் ஜனாதிபதியாகப் போகும் ஒருவரின் நல்லெண்ணத்தைப் பெறவில்லை. அரசியலமைப்பில் ஒரு வரியை மாற்றினார். நல்லெண்ணம் ஆளோடு போய்விடும். வரியை மாற்ற மீண்டும் மூன்றில் இரண்டு பெரும்பான்மை வேண்டும். வெட்டுப்புள்ளியைப் பழைய நிலைக்குக் கொண்டு செல்லும் யோசனையொன்று 2020ஆம் ஆண்டில் தனிநபர் பிரேரணையாகப் பாராளுமன்றத்துக்கு வந்தது. அது நிறைவேறவில்லை. அந்த 5 சதவீதத்தினால் பயனடைந்தவர்கள் முஸ்லிம்கள் மட்டுமல்லர். தமிழ்க் கட்சிகளும், மலையகக் கட்சிகளும், தெற்கின் சிறு கட்சிகளும் அதன் நிழலில் வளர்ந்தன. ஒரு கல்முனைச் சட்டத்தரணி நாட்டின் சிறுபான்மைகள் அனைத்துக்கும் செய்த சேவை அதுவாகும்.

1989 பெப்ரவரித் தேர்தலில் முஸ்லிம் காங்கிரஸ் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளைப் பெற்று 4 ஆசனங்களை வென்றது. திகாமடுல்ல மாவட்ட உறுப்பினராக அஷ்ரப் முதன்முறையாகப் பாராளுமன்றத்தில் அமர்ந்தார். அடுத்த ஆண்டு கிழக்கு முஸ்லிம்களின் வரலாற்றிலேயே கொடிய ஆண்டாக விடிந்தது. 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுது கொண்டிருந்தவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். சில நாட்களில் ஏறாவூரும் இரத்தத்தில் தோய்ந்தது. ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் யாவரும் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். அதே காலத்தில் அம்பாறை, மட்டக்களப்பு மாவட்டங்களின் தமிழ்க் கிராமங்களிலும் கொலைகளும் காணாமற்போதல்களும் மலிந்தன. இரு சமூகங்களும் அகதி முகாம்களை நோக்கி ஓடின. முஸ்லிம் இளைஞர்கள் பலர் ஆயுதத்தை நோக்கித் திரும்பக்கூடிய அந்த நாட்களில், அவர்களின் கோபத்தைப் பாராளுமன்றத்தின் பக்கம் திருப்பி வைத்ததில் அஷ்ரப் அவர்களுக்குப் பெரும் பங்குண்டு. இதனை அவரை விமர்சிப்போரும் ஏற்றுக்கொள்வர்.

1994 ஜூனில் ஜனாதிபதி டி.பி.விஜேதுங்க பாராளுமன்றத்தைக் கலைத்துப் பிரகடனம் வெளியிட்டார். ஓகஸ்ட் 16இல் தேர்தல் நடந்தது. 225 ஆசனங்களில் மக்கள் கூட்டணி 105ஐப் பெற்றது. ஐக்கிய தேசியக் கட்சி 94ஐப் பெற்றது. ஆட்சியமைக்க 113 தேவை. முஸ்லிம் காங்கிரஸின் 7 ஆசனங்களும், மலையக மக்கள் முன்னணியின் ஆதரவோடு வந்த ஓர் ஆசனமும் சேர்ந்தபோது எண்ணிக்கை சரியாக 113 ஆயிற்று. பதினேழு ஆண்டுகால ஆட்சி வீழ்ந்து, சந்திரிகா குமாரதுங்க பிரதமரானார்.

இங்கு ஒரு நுட்பம் உண்டு. அப்போது ஜனாதிபதியாக இருந்தவர் தோற்றுப்போன கட்சியைச் சேர்ந்த விஜேதுங்க அவர்களே. அமைச்சர்களை நியமிக்கும் அதிகாரமும் அரசியலமைப்பின்படி அவருடையதே. ஆயினும் பாராளுமன்றத்தில் எண்ணிக்கை தெளிவாக இருந்தமையால், எதிரணியின் பிரதமரையும் அமைச்சர்களையும் நியமிக்க வேண்டியவரானார். அவ்வாறு நியமனம் பெற்றவர்களுள் துறைமுகங்கள், கப்பற்துறை, புனர்வாழ்வு, புனரமைப்பு அமைச்சரான அஷ்ரப் அவர்களும் ஒருவர். மக்களின் வாக்கு ஒன்றுதிரண்டு நிற்கும்போது ஜனாதிபதியின் பேனா அதன் வழியில் சென்றே ஆக வேண்டும் என்பதற்கு இலங்கை வரலாற்றில் இதனைவிடச் சிறந்த உதாரணம் அரிது.

அமைச்சராக அவர் ஆறு ஆண்டுகள் பணியாற்றினார். வடக்கிலிருந்து விரட்டப்பட்டுப் புத்தளத்தில் தஞ்சமடைந்த மக்களின் வாழ்விடப் பிரச்சினைகளில் கவனம் செலுத்தினார். துறைமுக அதிகார சபையில் கரையோர இளைஞர்கள் பலருக்குத் தொழில் கிடைத்தது. போரினால் மட்டக்களப்புக்குச் சென்று கற்க இயலாதிருந்த மாணவர்களுக்காக, 1995 ஒக்டோபர் 23ஆம் திகதி தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கப்பட்டது. 1996 மே மாதத்தில் அது தென்கிழக்குப் பல்கலைக்கழகமாகத் தரமுயர்த்தப்பட்டது. ஒலுவிலில் எழுந்த அக்கட்டடங்களில் இன்று நாட்டின் எல்லாப் பகுதிகளையும் சேர்ந்த, எல்லா இனத்து மாணவர்களும் கற்கின்றனர். அமைச்சர்கள் மாறினர், ஜனாதிபதிகள் மாறினர், பல்கலைக்கழகம் நிலைத்து நிற்கின்றது.

அதே ஒலுவிலில் அவர் கனவு கண்ட துறைமுகம் வேறொரு பாடத்தைப் புகட்டுகின்றது. அவரது மறைவின் பின், 2008இல் நிர்மாணப் பணிகள் ஆரம்பித்து, 2013 செப்டெம்பரில் ஜனாதிபதி மகிந்த ராஜபக்ஷவினால் அது திறந்து வைக்கப்பட்டது. ஆனால் கடலரிப்பினால் அயலில் இருந்த தென்னந்தோப்புகளும் கரையோர நிலங்களும் கடலுக்குள் போயின. துறைமுக வாயிலில் மணல் குவிந்தது. ஒரு தலைவரின் பெயரைச் சொல்லித் திட்டத்தைத் திறப்பது எளிது. அத்தலைவர் காட்டியிருக்கக்கூடிய கவனத்தோடு அதனைச் செயற்படுத்துவதே கடினம்.

அஷ்ரப் அவர்கள் குறைகளற்றவர் என்று நாம் எழுத முற்படவில்லை. அமைச்சரவையில் அவர் அமர்ந்திருந்த ஆண்டுகளில் அவசரகாலச் சட்டமும் பயங்கரவாதத் தடைச் சட்டமும் தமிழ் இளைஞர்களைச் சிறைகளில் நிரப்பின. மாதந்தோறும் பாராளுமன்றத்தின் அங்கீகாரத்தை வேண்டி நின்ற அவசரகாலப் பிரகடனங்களுக்கு அவர் அங்கம் வகித்த அரசாங்கமே கை உயர்த்தியது. சட்டம் அறிந்த ஒருவர் இன்னும் உரக்கப் பேசியிருக்கலாம் என்ற தமிழ் மக்களின் ஆதங்கத்தில் நியாயம் உண்டு. கட்சியைத் தமது ஆளுமையைச் சுற்றியே கட்டினார் என்றும், தொழில் வாய்ப்புக்களால் கட்சியை வளர்த்தார் என்றும் முஸ்லிம்களிடையே எழுந்த விமர்சனத்தையும் தள்ளிவிட முடியாது. அவர் மறைந்ததும் கட்சி பல கூறுகளாகச் சிதறியமை இந்த விமர்சனத்துக்கு வலுச் சேர்த்தது.

ஆயினும் அவர் தமது தவறுகளிலிருந்து கற்கக்கூடியவராக இருந்தார். வாழ்வின் இறுதிக் காலத்தில் இனரீதியான அரசியலின் எல்லையை உணர்ந்து, எல்லா இனத்தவரையும் அணைக்கும் தேசிய ஐக்கிய முன்னணியை உருவாக்கினார். 1999இல் வெளியான அவரது கவிதைத் தொகுதிக்கு நான் எனும் நீ என்று பெயரிட்டார். கல்முனை, சம்மாந்துறை, பொத்துவில் தொகுதிகளை உள்ளடக்கிய தென்கிழக்கு அலகு என்ற கோரிக்கையையும் அவர் கைவிடவில்லை. ஆனால் அதனைத் தமிழ் மக்களின் அதிகாரப் பகிர்வுக் கோரிக்கைக்கு எதிரானதாகவன்றி, அதனோடு ஒத்திசைந்த தீர்வாகவே அரசியலமைப்புப் பேச்சுக்களில் முன்வைத்தார். 2000 ஓகஸ்டில் பாராளுமன்றத்துக்கு வந்த புதிய அரசியலமைப்பு நகல் நிறைவேறாமற் போயிற்று. நிறைவேற்று ஜனாதிபதி முறையை ஒழிப்போம் என்று 1994இல் அளிக்கப்பட்ட வாக்குறுதியும் அதனோடு கரைந்தது.

2000 ஓகஸ்ட் 18ஆம் திகதி ஜனாதிபதி குமாரதுங்க பாராளுமன்றத்தைக் கலைத்தார். தேர்தல் ஒக்டோபர் 10ஆம் திகதிக்குக் குறிக்கப்பட்டது. செப்டெம்பர் 16ஆம் திகதி காலை, தேர்தல் பணிகளுக்காக அஷ்ரப் அவர்கள் கொழும்பிலிருந்து அம்பாறை நோக்கி விமானப்படை ஹெலிகொப்டரில் புறப்பட்டார். அது கேகாலை மாவட்டத்தின் அரநாயக்க மலைப்பகுதியில் வீழ்ந்து நொறுங்கியது. அவரோடு பயணித்த எவரும் உயிர் தப்பவில்லை. 52 வயது நிறைவடைய ஐந்து வாரங்களே இருந்தன. அன்று கரையோரம் அழுத அழுகையைக் கேட்டவர்கள் அதனை மறக்கமாட்டார்கள். முஸ்லிம் வீடுகளில் மட்டுமன்றித் தமிழ் வீடுகளிலும் அன்று துயரம் குடிகொண்டிருந்தது.

அது விபத்தா, சதியா என்ற கேள்வி உடனேயே எழுந்தது. 2001இல் ஜனாதிபதி குமாரதுங்க, நீதிபதி எல்.கே.ஜி.வீரசேகர தலைமையில் ஒருநபர் ஆணைக்குழுவை நியமித்தார். சாட்சியங்கள் பதிவு செய்யப்பட்டன. ஆனால் அதன் முழு அறிக்கை ஆண்டுக்கணக்காக மக்களின் கைகளுக்கு வந்து சேரவில்லை. 2016இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்த பின்னர், அச்சட்டத்தின் கீழும் அது தேடப்பட்டது. ஆணைக்குழுவை நியமிக்கும் அதிகாரம் ஜனாதிபதிக்கு உண்டு. அறிக்கையை வெளியிட வேண்டும் என்ற கட்டாயம் அவருக்கு இல்லை. ஓர் அமைச்சரின் மரணம் பற்றிய அறிக்கைக்கே இந்நிலை என்றால், காணாமற்போன தம் பிள்ளைகளுக்காக ஆணைக்குழு ஆணைக்குழுவாக ஏறி இறங்கிய தாய்மாரின் நிலையை நாம் விவரிக்க வேண்டியதில்லை.

அவர் மறைந்த பின் நடந்தவை, அவரது வாழ்க்கை சொன்ன பாடத்தை மீண்டும் மீண்டும் மெய்ப்பித்தன. 2001 ஜூனில் முஸ்லிம் காங்கிரஸின் தலைவர் ரவூப் ஹக்கீமை ஜனாதிபதி அமைச்சரவையிலிருந்து நீக்கினார். அவரும் அவரைச் சார்ந்தோரும் எதிரணிக்குச் சென்றதும் அரசாங்கம் பெரும்பான்மையை இழந்தது. ஜூலையில் பாராளுமன்றம் ஒத்திவைக்கப்பட்டது. ஒரு கையொப்பத்தால் வந்த பதவி ஒரு கையொப்பத்தால் போயிற்று.

2006 ஒக்டோபர் 16ஆம் திகதி, 1988ஆம் ஆண்டின் இணைப்புப் பிரகடனம் செல்லுபடியாகாது என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாராளுமன்றம் விதித்த நிபந்தனையை அவசரகால ஒழுங்குவிதியால் மாற்ற முடியாது என்பதே அத்தீர்ப்பின் சாரம். 2007 ஜனவரி முதல் கிழக்கு தனி மாகாணமாக இயங்கத் தொடங்கியது. இத்தீர்ப்பை வரவேற்றவர்களும் உண்டு, அதனால் மனமுடைந்தவர்களும் உண்டு. இணைப்பு சரியா, பிழையா என்ற விவாதத்துக்குள் நாம் இங்கு செல்லவில்லை. தமிழ் மக்கள் தமது பெரும் அரசியல் வெற்றியாகக் கருதிய ஒன்று, சட்டத்தின் உறுதியான தளத்தில் அன்றி அவசரகாலக் கையொப்பம் ஒன்றின் மீது கட்டப்பட்டிருந்தது என்பதையே சுட்டிக்காட்டுகின்றோம். மணலில் கட்டிய வீட்டை அலை கொண்டு போகும் என்பதைக் கடலோரத்தவர்களாகிய நமக்கு எவரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

முஸ்லிம்களின் அனுபவமும் அதுவே. 2019 ஏப்ரல் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களை அடுத்து, ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன பிறப்பித்த அவசரகால ஒழுங்குவிதியால் முகத்தை மூடும் ஆடை தடை செய்யப்பட்டது. சில மாதங்களில் அவசரகால நிலை காலாவதியானதும் அத்தடையும் நீங்கியது. 2020 ஏப்ரலில் கொவிட் தொற்றினால் இறந்தோரின் உடல்களைத் தகனம் செய்வது சுகாதார அமைச்சின் வர்த்தமானி அறிவித்தலால் கட்டாயமாக்கப்பட்டது. ஏறத்தாழ பத்து மாதங்கள், பெற்றோரையும் பிள்ளைகளையும் தமது மார்க்கப்படி அடக்க முடியாமல் குடும்பங்கள் தவித்தன. 2021 பெப்ரவரியில் இன்னொரு வர்த்தமானி வந்து அடக்கம் செய்ய அனுமதித்தது. ஒரு தாளால் பறிக்கப்பட்ட உரிமை இன்னொரு தாளால் திரும்பியது. இடைப்பட்ட காலத்தில் எரிக்கப்பட்டவர்கள் திரும்பவில்லை.

கல்முனையிலேயே இதற்கு உதாரணங்கள் உண்டு. சாய்ந்தமருதுக்குத் தனியான நகர சபையை உருவாக்கும் வர்த்தமானி 2020 பெப்ரவரியில் வெளியாகி, சில நாட்களுக்குள்ளேயே இடைநிறுத்தப்பட்டது. பட்டாசு கொளுத்தியவர்களும் எதிர்த்துக் குரல் கொடுத்தவர்களும் ஒருங்கே ஏமாந்தனர். கல்முனை வடக்குப் பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்த வேண்டும் என்ற தமிழ் மக்களின் கோரிக்கை மூன்று தசாப்தங்களுக்கும் மேலாக இழுபட்டு வந்துள்ளது. கரையோர மாவட்டம் வேண்டும் என்ற முஸ்லிம்களின் கோரிக்கையும் அவ்வாறே. இரு சமூகங்களும் தனித்தனியே கொழும்புக்குச் சென்று, தனித்தனியே வாக்குறுதி பெற்று, தனித்தனியே ஏமாந்து திரும்புவது வழமையாகிவிட்டது. ஒருவரின் கோரிக்கையைக் காட்டி மற்றவரின் கோரிக்கையைக் கிடப்பில் போடுவது ஆட்சியாளருக்கு எளிதாகின்றது.

அஷ்ரப் அவர்களின் வாழ்விலிருந்து நாம் கற்க வேண்டியது இதுதான். ஜனாதிபதி எக்கட்சியைச் சேர்ந்தவராயினும், எவ்வளவு நல்லவராயினும், அவரது தயவின் மீது கட்டப்படும் உரிமை உரிமையாகாது, அது சலுகை. அவர் பெற்றுத் தந்தவற்றுள் நிலைத்து நிற்பவை எவை என்று எண்ணிப் பார்ப்போம். அரசியலமைப்பில் எழுதப்பட்ட 5 சதவீதமும், சட்டப்படி நிறுவப்பட்ட பல்கலைக்கழகமும் நிலைத்து நிற்கின்றன. நியமனங்களும் பதவிகளும் பறந்து போயின. அவர் பெயரால் வாக்குக் கேட்போர், அமைச்சுப் பதவிக்கு முன்னர் சட்டத் திருத்தத்தைக் கேட்கும் துணிவைக் காட்டுகின்றார்களா என்று வாக்காளர் வினவ வேண்டும்.

மற்றொன்றும் உண்டு. அவர் அரசியலைத் தொடங்கியது தமிழரோடு ஒரே மேடையில். இறுதிக் காலத்தில் மீண்டும் அனைவரையும் அணைக்கும் அணியொன்றையே அவர் நாடினார். இடையில் நேர்ந்த பிரிவுக்கான காரணங்கள் கனமானவை. அவற்றை மறைப்பதால் பயனில்லை. ஆனால் பாண்டிருப்பும் மருதமுனையும், காரைதீவும் சாய்ந்தமருதும் இடம்பெயர்ந்து போகப் போவதில்லை. எல்லைகளும் செயலகங்களும் பற்றிய பிணக்குகளை இவ்வூர்களின் பெரியோர்கள் முதலில் தமக்குள் அமர்ந்து பேசித் தீர்த்து, ஒரே கோரிக்கையாக முன்வைத்தால், அதனைச் சட்டமாக்காமல் தட்டிக்கழிப்பது எந்த ஆட்சிக்கும் எளிதாக இராது. 1994இல் 113 என்ற எண்ணிக்கையின் முன் ஒரு ஜனாதிபதியின் பேனா பணிந்தது. அத்தகைய எண்ணிக்கை ஒற்றுமையினால் மட்டுமே கிடைக்கும்.

மர்ஹூம் அஷ்ரப் அவர்களுக்காக அடுத்த செப்டெம்பரிலும் நாம் கையேந்துவோம். அதற்கு முன்னர் கல்முனையில் ஒரு மேசையைச் சுற்றி இரு சமூகத்தவரும் அமர்வார்களாயின், அதுவே அவருக்குச் செய்யும் மெய்யான அஞ்சலியாகும்.